சொல்லாமல் போகும் மூன்று மாதம்

(மாதேஸ்வரன் மலையடிவார ஊர் ஒன்றில், பெண்கள் சுய உதவிக் குழுக்களும் ஆஷா பணியாளர்களும் கூடிய கூட்டத்தில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கதவோரமாக நின்றுகொண்டிருக்கிற ஆண்கள் உள்ளே வந்து உட்காருங்கள். பேசப்போகிற விஷயத்தில் உங்களுக்கும் சரிபாதிப் பங்கு உண்டு.

தமிழிலேயே பேசலாமா என்று வந்ததும் கேட்டேன். "அதுக்கென்னங்க, இங்க எல்லாருக்கும் கன்னடம், தமிழ் ரெண்டும் வரும்" என்றார்கள். வராமல் எப்படி இருக்கும்? 1956 நவம்பர் 1 வரைக்கும், இந்த மலை சேர்ந்திருந்த கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அதற்குப் பிறகு மைசூர் மாவட்டம், 1997-லிருந்து சாமராஜநகர் மாவட்டம். தலைமையிடம் மாறிக்கொண்டே இருந்தாலும் கோபிநத்தத்திலும் மார்ட்டள்ளியிலும் அடுப்படிப் பேச்சு மாறவில்லை. சேலம், ஈரோடு, தர்மபுரிப் பக்கத்திலிருந்து சிவராத்திரிக்கும் யுகாதிக்கும் தீபாவளிக்கும் மாதேஸ்வர சாமியைக் கும்பிட மலையேறி வருகிற கூட்டமும் குறையவில்லை.

அந்தக் கூட்டத்தில் பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் எத்தனையோ பேர். கம்சாளே தாளத்தைத் தட்டிக்கொண்டு இங்கே பாடுகிறவர்கள் சங்கம்மா கதையை விடாமல் பாடுவார்கள். சோலிகர் பழங்குடியைச் சேர்ந்த நீலேகௌடன் தேனெடுக்கக் காட்டுக்குள் போக வேண்டும். போகும்முன் மனைவியிடம், 'நான் இல்லாதபோது ஒழுங்காக இருப்பேன்' என்று சத்தியம் செய்யச் சொல்கிறான். சங்கம்மா மறுக்கிறாள். அவளைப் படாதபாடு படுத்திவிட்டுப் போகிறான். மாதேஸ்வரன் வந்து அவளைக் காப்பாற்றி, காரய்யா, பில்லய்யா என்று இரண்டு பிள்ளைகளை வரமாகத் தருகிறார். கேட்கிறவர்கள் எல்லோரும் வரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். மருத்துவர் என்ற முறையில் என்னை உறுத்துவது வேறொன்று. அந்தப் பெண்ணின் வாய்ச்சொல்லை வீட்டுக்காரன் நம்பவில்லை.

இன்று நான் பேச வந்தது கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தைப் பற்றி. வயிறு வெளியே தெரியாத காலம் அது. பார்க்கிறவர்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. குமட்டுகிறது, அசதியாக இருக்கிறது, அழுகை வருகிறது, பயமாக இருக்கிறது என்று அவள் சொன்னால்தான் உண்டு. அவள் சொல்வதும் குறைவு, சொன்னால் நம்புகிறவர்களும் குறைவு. இந்த இரண்டும் மாற வேண்டும் என்பதுதான் என் பேச்சின் சாரம்.

டோலிக்கு முந்தைய மாதங்கள்

2022-ல் தொட்டாணே கிராமத்தில் ஒரு பெண்ணுக்கு நடுராத்திரியில் வலி கண்டது. வண்டி வர வழியில்லை. ஊர்ப் பெண்களே டோலி கட்டி, யானை நடமாடுகிற காட்டு வழியில் சுள்வாடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பத்திரிகைகளில் வந்த செய்தி. இண்டிகநத்தம், மெந்தாரே, துளசிக்கெரே போன்ற காட்டுக்குள் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதைக் கேட்டு ஆச்சரியம் இருக்காது. ரோடு கேட்பதும் ஜீப் கேட்பதும் நியாயம். கேட்டுக்கொண்டே இருங்கள்.

ஆனால் டோலி தூக்குவது ஒன்பதாம் மாதத்தில். அந்தப் பெண்ணின் ரத்தம் எவ்வளவு, ரத்த வகை என்ன, பிரஷர் எவ்வளவு என்பதெல்லாம் இரண்டாம் மாதத்திலேயே தெரிந்திருந்தால், எந்தப் பெண்ணை எட்டாம் மாதக் கடைசியிலேயே மலையிறக்கி ஆஸ்பத்திரி பக்கத்தில் தங்க வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்யலாம். ராத்திரி ஓட்டம் பாதியாவது குறையும். இரண்டாம் மாதத்தில் டோலி இல்லை, செய்தியும் இல்லை. அதனால் யாரும் அந்த மாதத்தைப் பேசுவதில்லை.

நாங்கள் கணக்கு வைக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து வாரம் எண்ணுவோம். அப்படி எண்ணினால், "நாள் தள்ளிப் போச்சுங்க" என்று ஒரு பெண் மனதுக்குள் நினைக்கும்போதே நான்கு வாரம் முடிந்துவிட்டது. ஆறாம் வாரத்தில் குழந்தையின் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய் மூடிக்கொள்வதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். பன்னிரண்டு வாரத்துக்குள் உறுப்புகள் எல்லாம் உருவாகிவிடும். மூன்று மாதம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்து நீங்கள் எங்களிடம் வரும்போது, மிக முக்கியமான வேலை எங்களுக்குத் தெரியாமலேயே முடிந்திருக்கிறது.

உறுதி செய்துகொள்ள ஊர்விட்டு ஊர் போக வேண்டாம். ஆஷா அக்கா பையில் 'நிஷ்சய்' என்ற பரிசோதனை அட்டை இருக்கும். காசு கிடையாது. காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரைச் சுத்தமான சின்ன டம்ளரில் பிடியுங்கள். கூடவே வரும் குட்டிக் குழாயால் எடுத்து, அட்டையில் இருக்கும் குழியில் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள். ஒரு கோடு என்றால் இல்லை. இரண்டு கோடு என்றால் உண்டு. இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் உண்டு என்றே வைத்துக்கொண்டு நர்சம்மாவிடம் காட்டுங்கள். கோடே வரவில்லை என்றால் அட்டை கெட்டுப்போனது, வேறொன்று வாங்குங்கள். அந்த இரண்டாம் கோட்டைப் போடுவது எச்சிஜி என்ற ஹார்மோன். கரு கர்ப்பப்பையில் ஒட்டிக்கொண்ட பிறகுதான் அது ஊறும். தொடக்கத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டே போகும்.

உடம்பு படும் பாடு

உடம்பில் என்னவெல்லாம் நடக்கும்? மார்பு கனத்து, ரவிக்கை உரசினாலே வலிக்கும். சிறுநீரகம் வழக்கத்தைவிடப் பாதி அளவு கூடுதலாக ரத்தத்தை வடிகட்டுவதால் அடிக்கடி சிறுநீர் வரும். கழிவறை இல்லாத வீட்டில், இருட்டில் வெளியே போகப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும் பெண்களை எனக்குத் தெரியும். தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வரும், மலச்சிக்கலும் கூடும். புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் குடலின் வேகத்தைக் குறைப்பதால் வயிறு ஏற்கெனவே மந்தமாகத்தான் இருக்கும். அதே ஹார்மோன்தான் பகலிலேயே தூக்கத்தைக் கொண்டுவந்து கண்ணில் போடுகிறது. ரத்தக் குழாய்கள் தளர்ந்து பிரஷர் கொஞ்சம் இறங்கும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு முதல் மாதங்களிலேயே ஏறத் தொடங்கி, கடைசியில் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும்.

ஆகவே, விறகு கட்டிக்கொண்டிருந்த மருமகள் திடீரென்று திண்ணையில் சாய்ந்தால் அதைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள். வெளியே ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும் அந்த நேரத்தில் அவள் உடம்பு இரவும் பகலுமாக உழைத்துக்கொண்டிருக்கிறது.

மசக்கைக்கு வருகிறேன். பத்தில் ஏழெட்டுப் பெண்களுக்குக் குமட்டலோ வாந்தியோ இருக்கும். ஐந்தாறு வாரத்தில் தொடங்கி, ஒன்பதாம் வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், பெரும்பாலோருக்கு நாலாம் மாதத்தில் அடங்கிவிடும். காலையில்தான் வரும் என்பதில்லை, எந்த நேரமும் வரும். வாசனைதான் பெரிய எதிரி. ராகிக் களி கிண்டும்போது எழும் ஆவி, கடுகு தாளிக்கும் புகை, பஸ்ஸில் டீசல் நெடி, வீட்டுக்காரரின் பீடி. நேற்றுவரை பிடித்த வாசனை இன்றைக்கு எதிரியாகிவிடும். "களி வேகற வாசனைக்கே கொடலைப் புரட்டுதுங்க, ஆனா நான் கிண்டலைன்னா வீட்ல யாருக்கும் சோறில்ல" என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள். அந்த வீட்டில் களி கிண்டத் தெரிந்த கை வேறு ஒன்றும் இல்லையா?

இந்த வாந்தி எதனால் என்பதற்குத் தெளிவான பதில் 2023 டிசம்பரில்தான் கிடைத்தது. 'நேச்சர்' ஆராய்ச்சி இதழில் வந்த கட்டுரை. கருவும் நஞ்சுக்கொடியும் ஜிடிஎஃப்-15 என்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன. அது தாயின் ரத்தத்தில் கலந்து, மூளையில் வாந்தியைத் தூண்டும் இடத்தைப் போய்த் தொடுகிறது. கர்ப்பத்துக்கு முன்பு இந்தப் பொருள் உடம்பில் குறைவாக இருந்த பெண்ணுக்கு, திடீர் ஏற்றம் தாங்காமல் வாந்தி கடுமையாக வருகிறது. தலசீமியா என்ற ரத்த நோய் உள்ள பெண்களுக்கு அது எப்போதுமே கூடுதலாக இருக்கும். அவர்களுக்கு மசக்கை மிகக் குறைவு. அதனால்தான் அக்காளுக்கு ஒன்றுமில்லாமல் போன மசக்கை தங்கையைப் படுக்கையில் போடுகிறது. "நாங்கெல்லாம் பெக்கலையா" என்று கேட்பதற்கு இனி இடமில்லை. அவரவர் ரத்தம் வேறு.

அந்த ஆராய்ச்சியை முன்னெடுத்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் மார்லீனா ஃபெஜோ. அவரே 1999-ல் கர்ப்பமாக இருந்தபோது அசையக்கூட முடியாத அளவு வாந்தியில் கிடந்தார். கவனத்தை இழுக்க மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தார் அவரைப் பார்த்த டாக்டர். அந்தக் கரு தங்கவில்லை. படித்த ஊரிலும், ஆராய்ச்சியாளரான ஒரு பெண்ணின் சொல்லையே நம்பவில்லை என்றால், துளசிக்கெரேயில் ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணின் சொல்லை யார் நம்புவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்? வயிற்றைக் காலியாக விடாதீர்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எழுவதற்கு முன் படுக்கையிலேயே கொஞ்சம் பொரியோ ரஸ்க்கோ மென்றுவிட்டு எழுந்திருங்கள். சோற்றோடு தண்ணீரைக் குடிக்காமல் இடையிடையே குடியுங்கள். இஞ்சி சிலருக்குக் கேட்கும். இவற்றுக்கு அடங்காவிட்டால் பாதுகாப்பான மாத்திரைகள் உண்டு, டாக்டர் எழுதித் தருவார்.

டாக்டர் எழுதித் தர வேண்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைட் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. மசக்கைக்கு நல்லது, கெடுதலே இல்லை என்று பல நாடுகளில் விற்றார்கள். 1961 கடைசியில் ஜெர்மனியில் திரும்பப் பெற்றார்கள். அந்த மாத்திரையால் உலகம் முழுக்கக் கையும் காலும் வளராத பிள்ளைகள் பத்தாயிரத்துக்கும் மேல் பிறந்துவிட்டன. அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, ஆதாரம் போதாது என்று கையெழுத்துப் போடாமல் நிறுத்தி வைத்ததால் அந்த நாடு பெரிதாகத் தப்பியது. கடைக்காரர் கவரில் போட்டுக் கொடுக்கும் பெயர் தெரியாத மாத்திரையையும், யாரோ இடித்துக் கொடுக்கும் வேரையும் இந்த மூன்று மாதத்தில் வாயில் போடாதீர்கள். தலைவலி மாத்திரையானாலும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

குடித்த தண்ணீர்கூட ஒரு நாள் முழுக்க வயிற்றில் நிற்காவிட்டால், சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகப் போனால், எடை இறங்கிக்கொண்டே வந்தால், அது வெறும் மசக்கை அல்ல. குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும். அன்றைக்கே கிளம்புங்கள்.

மண்ணும் கீரையும்

மசக்கையில் மண் தின்கிற ஆசை வரும். சிலர் திருநீறு, சிலர் பச்சரிசி, சிலர் அடுப்புச் சாம்பல். இது இன்று நேற்று வந்ததல்ல. புறநானூற்றில் 20-ஆம் பாட்டு; பாடியவர் குறுங்கோழியூர் கிழார். சேர மன்னன் ஒருவனின் காவலைப் புகழும்போது, அவன் நாட்டு மண்ணை மசக்கைப் பெண்கள் ஆசைப்பட்டுத் தின்றால்தான் உண்டு, பகைவர் கைவைக்க முடியாது என்கிறார். அரசனைப் புகழ வந்த புலவர் கண்ணில் மண் தின்னும் பெண்ணும் பட்டிருக்கிறாள்.

அந்த ஆசைக்கும் ரத்தசோகைக்கும் தொடர்பு உண்டு என்று இன்று நமக்குத் தெரியும். மருமகள் சுவரைச் சுரண்டினால் கையைத் தட்டிவிடாதீர்கள், ரத்தம் எவ்வளவு என்று பாருங்கள். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் ஆபத்து. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த அரங்கில் இருக்கும் கர்ப்பிணிகளில் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மலைக்கு இன்னொரு கவலையும் உண்டு. பிலிகிரிரங்கன் மலை, நீலகிரி, இந்த மலை ஆகியவற்றின் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் ரத்தசோகை பரம்பரையாக வருகிறது. பிலிகிரிரங்கன் மலையில் டாக்டர் சுதர்சன் 1981-ல் தொடங்கிய விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரம் சோலிகர்களிடையே செய்த பணியில் இந்த நோயும் முக்கியமான ஒன்று. இது இரும்புச்சத்து மாத்திரையால் மட்டும் தீராது. கர்ப்பத்தில் இந்த நோய் இருந்தால் வலியும் தொற்றும் கூடும், தனிக் கவனிப்பு வேண்டும். ஒரு சொட்டு ரத்தத்தில் தொடக்கப் பரிசோதனை முடிந்துவிடும். முதல் முறை போகும்போதே கேளுங்கள். ரத்த வகை நெகட்டிவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவார்கள்.

முதல் மூன்று மாதம் தினமும் போடச் சொல்லும் சின்ன மாத்திரை ஃபோலிக் அமிலம். அதன் கதை நம் பக்கத்து மலையைத் தொட்டுக்கொண்டு போகிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-ல் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் மில் வேலைக்குப் போகும் ஏழைக் கர்ப்பிணிகள் ரத்தம் வெளுத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று தேடிக் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் வேலை செய்தார், சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். கிருமி இல்லை, சாப்பாட்டில்தான் ஏதோ குறைகிறது என்று கண்டுபிடித்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்த மலிவான மார்மைட்டைக் கொடுத்ததும் பெண்கள் தேறினார்கள். 1931-ல் அதை எழுதினார். 1941-ல் பசலைக்கீரையிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1991-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை நிரூபித்தது: ஏற்கெனவே தண்டுவடக் குறையுள்ள பிள்ளை பெற்ற தாய்மார்களுக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தால், மறுபடி அப்படி நேர்வது 72 சதவீதம் குறைகிறது. தண்டுவடக் குழாய் ஆறாம் வாரத்திலேயே மூடிவிடும் என்று சொன்னேன் அல்லவா? மூன்று மாதம் கழித்து வந்து வாங்கினால் அந்த வேலைக்கு இந்த மாத்திரை பயன்படாது. பிள்ளை வேண்டும் என்று முடிவு செய்த மாதத்திலேயே தொடங்குங்கள்.

சாப்பாட்டுக்கு உங்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. காட்டுக் கீரை எத்தனை வகை என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் பொறுக்கி விற்கிற நெல்லிக்காயில் இரண்டை வீட்டிலும் வையுங்கள். இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

மனம்

மனசைப் பற்றிப் பேசாமல் விட்டால் பாதிப் பேச்சு பேசாமல் விட்ட மாதிரி. அட்டையில் இரண்டு கோடு வந்தவுடன் எல்லாப் பெண்ணும் சிரிப்பதில்லை. நாலைந்து வருஷம் வேண்டி, தேர் இழுத்து, முடி கொடுத்து, கடைசியில் கர்ப்பம் என்று தெரிந்ததும் உட்கார்ந்து அழுத ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். மாமியார் பதறிப்போனார்: "சாமி கொடுத்ததுக்கு இவ எதுக்குங்க அழுவறா?" அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்டேன். "நிக்குமான்னு பயமா இருக்குது, நின்னா காப்பாத்த முடியுமான்னு பயமா இருக்குது" என்றாள். மகிழ்ச்சியும் பயமும் ஒரே நேரத்தில் வரும். ஹார்மோன் ஒரு பக்கம், சரியாகத் தூங்காதது ஒரு பக்கம், ஒன்றும் வயிற்றில் நிற்காதது ஒரு பக்கம். அழுகையும் எரிச்சலும் வருவது குணக்கேடு அல்ல. சாமி குற்றமும் அல்ல.

கல் குவாரிக்கும் காப்பித் தோட்டத்துக்கும் வேலைக்குப் போன கணவன் மாதக்கணக்கில் வருவதில்லை. மூத்தது இன்னும் பால் மறக்கவில்லை. போன முறை பெண் பிள்ளை, இந்த முறையும் அப்படியே ஆனால் என்ன சொல்வார்களோ. இப்படி ஒவ்வொருத்திக்கும் ஒரு காரணம். கர்ப்பிணிகளில் பத்தில் ஒருவருக்கு மனநலப் பிரச்சினை, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்; வளரும் நாடுகளில் அது 15.6 சதவீதம். பிள்ளை பெற்ற பிறகுதான் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், பலருக்குக் கர்ப்பத்திலேயே தொடங்கிவிடுகிறது.

சாதாரணமான மனக்கலக்கம் வரும், போகும். பிடித்த பாட்டோ, அம்மா வீட்டுப் பேச்சோ அதைக் கலைத்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் மனம் கனத்திருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், அசதியிருந்தும் தூக்கம் வராவிட்டால், செத்துப்போகலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால், உடனே உதவி கேளுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் 'டெலி மானஸ்' சேவையில் கன்னடத்திலும் தமிழிலும் பேசலாம். காசு கிடையாது. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவைக்குப் பெங்களூரு நிமான்ஸ் வழிகாட்டுகிறது. டவர் கிடைக்காத ஊர்க்காரர்கள் நர்சம்மாவிடம் சொல்லுங்கள்.

இந்தக் கர்ப்பமே வேண்டாம் என்று நினைக்கிற பெண்ணும் நம்மிடையே இருக்கிறாள். அவளுக்கும் சட்டம் இருக்கிறது. 1971-ல் வந்து 2021-ல் திருத்தப்பட்ட சட்டம், டாக்டர் மேற்பார்வையில் பாதுகாப்பாகக் கருக்கலைப்பு செய்துகொள்ள வழி தருகிறது. சந்துக் கடையில் மாத்திரை வாங்கித் தின்று ரத்தம் கொட்டி வருகிறவர்களைக் காப்பாற்றுவதுதான் எங்களுக்குப் பெரும்பாடு. சீக்கிரம் வந்தால் பாதுகாப்பு அதிகம்.

சொல்லாததன் விலை

மூன்று மாதம் சொல்லக் கூடாது என்ற வழக்கத்தை நான் கேலி செய்யவில்லை. அதற்குக் காரணம் உண்டு. தெரிந்த கர்ப்பங்களில் 100-க்கு 10 முதல் 20 வரை கலைந்துவிடும். பெரும்பாலும் இந்த மூன்று மாதத்துக்குள். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, அப்புறம் ஊரிலுள்ள ஒவ்வொருவருக்கும் 'இல்லை' என்று சொல்லிக்கொண்டிருப்பது கொடுமை. அந்த வலியைத் தவிர்க்கத்தான் பெரியவர்கள் வாயை மூடச் சொன்னார்கள்.

கலைந்தால் பழி யார்மேல் விழுகிறது? குடம் தூக்கினாள், கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸில் வந்தாள், கோயிலுக்கு நடந்து ஏறினாள், கண் பட்டது. உண்மை என்னவென்றால், முதல் மாதங்களில் கலைவதில் ஏறத்தாழ பாதி, கருவின் குரோமோசோம் கணக்கு தொடக்கத்திலேயே தவறிப்போனதால் கலைகிறது. அவள் செய்ததற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பழியைச் சுமத்தாமல் அவளை அழ விடுங்கள், அழுகிறவள் பக்கத்தில் உட்காருங்கள்.

ஆனால் இந்த மௌனம் உயிரைக் குடிக்கும் இடம் ஒன்று உண்டு. 100 கர்ப்பங்களில் ஒன்றிரண்டு கர்ப்பப்பைக்குள் தங்காமல் கருக்குழாயில் தங்கிவிடும். ஆறு, ஏழு, எட்டாம் வாரங்களில் குழாய் வெடிக்கும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகச் சுருக்கென்று வலி, தோள்பட்டையில் வலி, தலைசுற்றல், முகம் வெளுத்து மயக்கம். வெளியே ரத்தம் கொஞ்சம்தான் தெரியும். உள்ளே நிறையக் கொட்டிக்கொண்டிருக்கும். ஒரு காட்டூரில் இது நடந்தால் என்ன ஆகும்? அவளுக்கு நாள் தள்ளிப்போனது வீட்டில் யாருக்கும் தெரியாது. வாயுப் பிடிப்பு என்று ஓமத்தண்ணீர் கொடுப்பார்கள். காத்துக் கருப்பு என்று விபூதி போடுவார்கள். விடியட்டும் என்பார்கள். வண்டி வரவே நேரமாகும் ஊரில் இதில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் அவளுடைய ரத்தம். கர்ப்பம் என்று ஒரே ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும், உடனே 108-க்குப் போன் போயிருக்கும்.

ஆகவே ஊருக்குச் சொல்ல வேண்டாம். மூன்று பேருக்குச் சொல்லுங்கள்: கணவருக்கு, வீட்டில் நீங்கள் நம்புகிற ஒரு பெண்ணுக்கு, ஆஷா அக்காவுக்கு. ரத்தசோகைக் கணக்கு சொன்ன அதே தேசியக் குடும்பநல ஆய்வில், முதல் மூன்று மாதத்துக்குள் பரிசோதனைக்குப் போன தாய்மார்கள் 70 சதவீதம். மீதி 30 பேரில் நம் மலைப் பெண்கள் இருக்கக் கூடாது.

கடைசியாகச் சில வார்த்தைகள்

மாமியார்மார்களே, "சாப்டியா" என்று கேட்பதோடு "எப்படி இருக்கே" என்றும் கேளுங்கள். முதல் மூன்று மாதத்துக்கு அடுப்புப் புகையிலிருந்து அவளை விலக்கி வையுங்கள்.

அண்ணன்மார்களே, தம்பிமார்களே, குவாரியிலோ தோட்டத்திலோ இருந்தாலும் நாளுக்கு ஒருமுறை போன் செய்து அவள் பேசுவதைக் கேளுங்கள். ஆஷா அக்கா நம்பரையும் ஜீப் வைத்திருப்பவர் நம்பரையும் உங்கள் போனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். ஸ்கேன் எடுப்பது கரு சரியான இடத்தில் இருக்கிறதா, இதயம் துடிக்கிறதா என்று பார்க்கத்தான். ஆணா பெண்ணா என்று கேட்பது 1994 சட்டப்படி குற்றம். பதினெட்டு ஆகாத பெண்ணைக் கட்டிக்கொடுக்காதீர்கள்; வளராத உடம்பில் கர்ப்பம் இரட்டை ஆபத்து.

ஆஷா சகோதரிகளே, உங்கள் பையில் அட்டை இருப்பது பெரிதல்ல. அதில் வந்த இரண்டு கோடு டீக்கடைக்குப் போகாமல் இருப்பதுதான் பெரிது. ஒரே ஒரு முறை விஷயம் வெளியே கசிந்தால் அந்த ஊரில் அடுத்த பத்துப் பெண்கள் உங்களிடம் வர மாட்டார்கள்.

கர்ப்பத்தைப் பதிவு செய்து தாயி கார்டு வாங்குங்கள். அங்கன்வாடியில் மாத்ருபூர்ணா மதியச் சாப்பாடு உங்களுக்கு உண்டு. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கான இலவசச் சிறப்புப் பரிசோதனை உண்டு. எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் மேட்டூர், கொளத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட பெண்கள் 12 வாரத்துக்குள் அங்கே பதிவு செய்தால்தான் முத்துலட்சுமி ரெட்டி திட்ட உதவித்தொகை முழுமையாகக் கிடைக்கும். தாய் வீட்டுக்கு வரும்போது கார்டைக் கையோடு கொண்டு வாருங்கள்.

இந்தக் கூட்டத்தில் நாள் தள்ளிப்போய், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியாவது இருப்பாள் என்று நினைக்கிறேன். பக்கத்து அறையில் நர்சம்மாவும் இரண்டு ஆஷா அக்காக்களும் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்து நீங்கள் டீ குடிக்கும் நேரம் முழுக்க அங்கேயே இருப்பார்கள். அட்டை வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், பெயர்கூடக் கேட்க மாட்டார்கள். ஃபோலிக் மாத்திரையையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.